‘நம்ம பயதானே’ என்று ஷேர் எழுதிக் கொடுக்கும் முன்: கம்பெனி தொடங்குபவர்கள் செய்யும் பங்குத் தவறுகள்

பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்வது எப்படி என்று நம்ம சேனலில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அந்தப் படிவங்களில் ஒரு இடம் வரும்: யாருக்கு எத்தனை ஷேர்? பெரும்பாலானவர்கள் அதை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் டீ வருவதற்குள் முடிந்துவிடுகிற வேலை அது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான்.

ஒரு உதாரணத்தோடு ஆரம்பிக்கலாம். கற்பனைதான், ஆனா உங்களுக்குத் தெரிந்த யாராவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற வழியில் இருக்கிற ஊர். மூணு நண்பர்கள். ஒருத்தர் வீட்டில் திராட்சைப் பந்தல் இருக்கு, சுத்துப்பட்டி விவசாயிகள் எல்லாரையும் தெரியும். இன்னொருத்தர் இன்ஜினியரிங் படித்தவர், ஆப் எழுதுவார். மூணாவது ஆள் பேசியே விற்றுவிடுவார், கேரளா வரைக்கும் வியாபாரிகள் பழக்கம். பன்னீர் திராட்சையைத் தோட்டத்திலிருந்தே வாங்கி, ஜூஸாகவும் பழமாகவும் ஆன்லைனில் விற்கலாம் என்று கம்பெனி போடுகிறார்கள். மொத்தம் 10,000 ஷேர், ஒன்று 10 ரூபாய். தோட்டக்காரருக்கு 4,000, மற்ற இருவருக்கும் தலா 3,000. கையெழுத்துப் போட்டாச்சு, பிரியாணி சாப்பிட்டாச்சு.

எட்டாவது மாசம் ஆப் எழுதுகிற நண்பருக்கு பெங்களூரில் வேலை கிடைக்கிறது. சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. "நீங்க நடத்துங்கடா, நான் சனி ஞாயிறு பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறார். இரண்டு வாரம் போன் வருகிறது, அப்புறம் வருவதில்லை. அவருடைய 3,000 ஷேர் பற்றி யாரும் பேசவே இல்லை. பேசுவது அசிங்கம் என்று நினைக்கிறார்கள். நம்ம பயதானே!

இரண்டு வருஷம் கழித்து ஒருவர் 40 லட்சம் போட முன்வருகிறார், 10% பங்குக்கு. அப்போது கம்பெனி புதிதாக 1,111 ஷேர் வெளியிட வேண்டும். ஒரு ஷேர் விலை ஏறக்குறைய 3,600 ரூபாய். இப்போ கணக்குப் போடுங்க. எட்டு மாசம் மட்டும் வேலை பார்த்துவிட்டுப் போனவர் கையில் 27% இருக்கும். மதிப்பு 1 கோடியே 8 லட்சம். அவர் முதலில் போட்டது 30,000 ரூபாய்.

அந்த முதலீட்டாளர் இதைப் பார்த்ததும் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் போனையே எடுக்க மாட்டார். அவர் பணம் போடுவது வேலை செய்கிற இருவரை நம்பி. கால் பங்குக்கு மேல் வேலை செய்யாத ஒருவரிடம் தூங்கிக்கொண்டிருந்தால், நாளைக்கு அடுத்த ரவுண்டில் கொடுக்க பங்கே மிஞ்சாது.

பணத்தைவிட மோசமான விஷயம் ஓட்டு. கம்பெனிகள் சட்டத்தில் முக்கியமான முடிவுகளுக்கு ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேண்டும். கம்பெனியின் ஆர்டிகிள்ஸை (உள்விதிகள்) மாற்றுவது, வெளியாளுக்குப் புது ஷேர் கொடுப்பது எல்லாம் இதில் வரும். எதிர்ப்பு ஓட்டைப் போல மூணு மடங்கு ஆதரவு ஓட்டு விழணும், அதாவது 75%. 30% வைத்திருக்கிற பெங்களூர் நண்பர் கூட்டத்துக்கே வராமல் இருந்தால் தப்பித்தீர்கள். வந்து ‘வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டால், மற்ற இருவரும் 70% வைத்திருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட இரண்டு பேர் கம்பெனி இன்னும் சிக்கல். போர்டு மீட்டிங்குக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் இருந்தாக வேண்டும். இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் முறுக்கிக்கொண்டால் மீட்டிங்கே கிடையாது.

சரி, கேஸ் போடலாமா? பக்கத்தில் உத்தமபாளையத்தில் கோர்ட் இருக்கே என்று கிளம்பிவிடாதீர்கள். கம்பெனி நிர்வாகத் தகராறுகளில் பெரும்பகுதி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். நமக்கு அது சென்னையில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி பஸ், வக்கீல் பீஸ், கடை மூடல்.

1951-ல் பேசிய பேச்சு, 1991-ல் வந்த தீர்ப்பு

"நாங்க ஏற்கெனவே பேசி வச்சிருக்கோம்" என்று பலர் சொல்வார்கள். அவர்களுக்காகவே ஒரு வழக்கு இருக்கிறது. வி.பி. ரங்கராஜ் எதிர் வி.பி. கோபாலகிருஷ்ணன். கம்பெனி சட்டம் படிக்கிற எல்லாருக்கும் மனப்பாடமான கேஸ்.

ஒரு குடும்ப பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மொத்தமே 50 ஷேர். அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு 25. 1951-ல் இருவரும் வாய்மொழியாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: இரண்டு குடும்பமும் எப்போதும் சம பங்கு வைத்திருக்கணும், யாராவது விற்க நினைத்தால் முதலில் தன் கிளையைச் சேர்ந்தவர்களிடம்தான் கேட்கணும். ரொம்ப நியாயமான ஏற்பாடு. நம்ம ஊரில் நிலம் விற்கும்போது "பங்காளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியா?" என்று கேட்பதில்லையா, அதே மாதிரி. காலம் போனது, இரண்டு சகோதரர்களும் இறந்துபோனார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு கிளையைச் சேர்ந்தவர் தன் ஷேர்களை மறு கிளைக்கு விற்றுவிட்டார். சமநிலை போச்சு. அவருடைய உடன்பிறந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சொன்னது இதுதான்: ஷேரை மாற்றுவதற்கான கட்டுப்பாடு கம்பெனியின் ஆர்டிகிள்ஸில் இல்லை என்றால், அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது. விற்றது செல்லும்.

கவனியுங்க. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. பேசியிருந்தாலும் அது எழுதப்பட வேண்டிய இடத்தில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் நாலு வரி எழுதி பீரோவில் வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். பங்குதாரர் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று போட்டாலும், அதிலுள்ள ஷேர் மாற்றும் விதிகளை ஆர்டிகிள்ஸுக்குள்ளும் கொண்டுவர வேண்டும். ஆன்லைனில் கிடைக்கிற மாதிரி ஆர்டிகிள்ஸை அப்படியே ஒட்டிப் பதிவு செய்தால், உங்கள் மூணு பேருக்குள் பேசியது எதுவும் அதில் இருக்காது.

பாரத்பே: 24,470 ரூபாய் தகராறு

இது பழைய குடும்பக் கதை, இப்போதைய படித்த பசங்க உஷார் என்று நினைத்தால், பாரத்பேயைப் பாருங்க. கடைகளில் க்யூ.ஆர். கோடு ஒட்டுகிற அதே கம்பெனிதான். 2018-ல் பாவிக் கோலாடியா, சாஸ்வத் நக்ரானி இருவரும் தொடங்கினார்கள். அதே வருஷம் அஷ்னீர் குரோவர் மூணாவது ஆளாகச் சேர்ந்தார். அவருக்குப் பங்கு வேண்டுமே, அதனால் முதல் இருவரும் தங்களுடையதிலிருந்து கொடுத்தார்கள். நக்ரானி கொடுத்தது 2,447 ஷேர், ஒன்று 10 ரூபாய் வீதம். மொத்தம் 24,470 ரூபாய். டிசம்பர் 2018-ல் கோலாடியா பங்குதாரர் பட்டியலிலிருந்தே வெளியேறினார், அவரிடமிருந்து 1,611 ஷேர் அஷ்னீருக்கு மாறியது.

2021 ஆகஸ்டில் பாரத்பேயின் மதிப்பு 285 கோடி டாலர். 2022-ல் அஷ்னீர் கம்பெனியை விட்டு வெளியேறினார். 2023-ல் கோலாடியா, நக்ரானி இருவரும் தனித்தனியாக டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டு பேர் புகாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஷேர் கொடுத்தேன், அதற்கான பணம் எனக்கு வரவே இல்லை. கோலாடியா கணக்கில் அது சுமார் 88 லட்சம் ரூபாய். நக்ரானி கணக்கில் அந்த 24,470. அஷ்னீர் தரப்பு மறுத்தது. யார் சொல்வது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அது நம்ம வேலையும் இல்லை. 2024 செப்டம்பரில் அஷ்னீருக்கும் பாரத்பேக்கும் சமரசம் ஆனது தனிக் கதை.

எனக்கு இதில் உறைத்தது வேற. 24,470 ரூபாயை ஜூலை 2018-ல் ஒரு பேங்க் டிரான்ஸ்பர் செய்து ஸ்டேட்மென்டை எடுத்து வைத்திருந்தால், ஐந்து வருஷம் கழித்து ‘பணம் வந்ததா, வரலையா’ என்ற கேள்வியே எழுந்திருக்காது. ஷேர் கைமாறும்போது தொகை சின்னதாக இருக்கிறதே என்று யாரும் ரசீது பார்ப்பதில்லை. பத்து ரூபாய் ஷேர்தானே! உங்க கம்பெனியில் ஷேர் மாறினால் மூணு விஷயம் செய்யுங்க. பணம் பேங்க் வழியாகவே போகட்டும். எஸ்.ஹெச்.-4 படிவத்தில் கையெழுத்து, முத்திரைத் தீர்வையோடு, 60 நாளுக்குள் கம்பெனியில் சேரட்டும். போர்டு அதை ஒப்புக்கொண்ட தீர்மானமும் புது சர்டிபிகேட்டும் ஃபைலில் இருக்கட்டும்.

வெஸ்டிங்: பந்தல் ஏறிய கொடிக்குத்தான் பழம்

நம்ம அனுமந்தன்பட்டி நண்பர்கள் முதல் நாளே என்ன செய்திருக்கலாம்? வெஸ்டிங் போட்டிருக்கலாம். பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று பயப்படாதீங்க. கொடி நட்ட அன்றே யாரும் முழு மகசூலுக்குக் கணக்கு எழுத மாட்டார்கள். பங்கும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகணும்.

வழக்கமாகப் போடுவது நாலு வருஷம். முதல் வருஷம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. அதன் பிறகு மாசாமாசம் 48-ல் ஒரு பங்கு சொந்தமாகும். இந்தியாவில் நிறுவனர்களுக்கு ஷேர் முதல் நாளே பெயரில் வந்துவிடுவதால், ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டு எழுதுவார்கள்: இடையில் போனால், இன்னும் சொந்தமாகாத ஷேர்களை முகமதிப்புக்கே மற்ற நிறுவனர்களுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எட்டாவது மாசம் போன நண்பருக்கு இதைப் போட்டுப் பாருங்க. 3,000 ஷேரும் திரும்ப வரும், அவருக்கு 30,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. அவரே 18 மாசம் இருந்துவிட்டுப் போயிருந்தால் 1,125 ஷேர் அவருக்கே சொந்தம், மீதி 1,875 ஷேருக்கு 18,750 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். உழைத்ததுக்கு உண்டு, உழைக்காததுக்கு இல்லை. இதைச் சொன்னால் கோபப்படுகிற பார்ட்னரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்க என்பேன். விதி மூணு பேருக்கும் ஒன்றுதான், தோட்டக்காரருக்கும் சேர்த்து.

நோய்வாய்ப்பட்டுப் போனால் என்ன, இறந்துபோனால் வாரிசுக்கு எவ்வளவு, ஏமாற்றி மாட்டிக்கொண்டு போனால் என்ன, எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி எழுதணும். பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும் நாளில் பேசுவதுதான் சுலபம்.

அந்த ஆப் யாருடையது?

ஷேரைத் திருப்பி வாங்கினாலும் இன்னொரு வெடி பாக்கி இருக்கிறது. ஆப் நண்பர் எழுதிய புரோகிராம். நம்ம காப்பிரைட் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் அது கம்பெனிக்குச் சொந்தம். ஆனா நம்ம நண்பருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் இல்லை, சம்பளமும் இல்லை. வெளியே ஃப்ரீலான்சரிடம் பணம் கொடுத்து எழுத வைத்தாலும் இதே நிலைமைதான். "காசு கொடுத்துட்டேனே" என்பது பதில் ஆகாது.

உரிமை கம்பெனிக்கு வரணும்னா எழுத்துப்பூர்வமாக, கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வளைகுடாவுக்குத் திராட்சை ஜூஸ் அனுப்பும் கனவு இருந்தால் இந்த இரண்டு வரியையும் விட்டுடாதீங்க. கையோடு டொமைன் பெயர், பிளே ஸ்டோர் கணக்கு, இன்ஸ்டாகிராம் பேஜ் எல்லாம் யார் ஈமெயிலில் இருக்கு என்றும் பாருங்க. நிறைய கம்பெனிகளில் அது போன பார்ட்னரின் சொந்த ஜிமெயிலாக இருக்கும், பாஸ்வேர்டு அவருக்கே மறந்திருக்கும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது இந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகளின் பொதுச் சொத்து. ‘கம்பம் பன்னீர்’ என்று உங்க கம்பெனிக்கு மட்டும் டிரேட்மார்க் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க, புவிசார் குறியீட்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டு குறியீட்டைப் பயன்படுத்தலாம். பிராண்டுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்து, அதை உங்க பெயரில் அல்ல, கம்பெனி பெயரில் பதியுங்க.

மாமா கொடுத்த அஞ்சு லட்சம்

இதுதான் நம்ம ஊர்க்காரர்கள் அதிகமாகச் சறுக்குகிற இடம். தாய்மாமா ஐந்து லட்சம் கொடுக்கிறார். கேட்டால் "வச்சுக்கடா மாப்ள, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். பணம் கம்பெனிக் கணக்கில் ஏறிவிடுகிறது. அது கடனா, பங்கா? தெரியாது. மாமாவுக்கே தெரியாது.

கடன் என்றால், கம்பெனிகள் சட்டத்தில் அது ‘டெபாசிட்’ ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. பிரைவேட் கம்பெனி தன் இயக்குநரிடமும் இயக்குநரின் உறவினரிடமும் கடன் வாங்கலாம், அது கடன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனா சட்டத்தின் உறவினர் பட்டியல் ரொம்பச் சின்னது. கணவன் அல்லது மனைவி, கூட்டுக் குடும்ப உறுப்பினர், அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள். அவ்வளவுதான். தாய்மாமா அதில் இல்லை! சித்தப்பா இல்லை, மச்சான் இல்லை. காதுகுத்துக்கு மடியில் உட்கார வைக்கிற மாமாவை கம்பெனிகள் சட்டம் வெளியாள் என்கிறது.

பங்கு என்றால், அதற்கு பிரைவேட் பிளேஸ்மென்ட் விதிகள். மதிப்பீட்டாளர் அறிக்கை, ஸ்பெஷல் ரெசல்யூஷன், பெயர் போட்ட ஆஃபர் லெட்டர். பணம் ரொக்கமாக வரக்கூடாது, தனிக் கணக்கில் பேங்க் வழியாக வரணும். 60 நாளுக்குள் ஷேர் ஒதுக்கணும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பணும், தவறினால் 12% வட்டி. ஒதுக்கியதை 15 நாளுக்குள் பி.ஏ.எஸ்.-3 படிவத்தில் பதியணும், பதியும் வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. இன்னொன்று, இதற்கு விளம்பரம் கூடாது. "எங்க ஸ்டார்ட்அப்பில் முதலீடு செய்ய வாங்க" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுபவர்கள் உடனே எடுத்துடுங்க. விதியை மீறினால் திரட்டிய தொகை அல்லது 2 கோடி, இரண்டில் குறைந்தது எதுவோ அதுவரை அபராதம் போடலாம்.

ஒழுங்கான பேப்பர் தனியார் முதலீட்டாளருக்கு மட்டும் வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்திலும் 10 லட்சம் ஆதார நிதிக்கு 3% பங்கு எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அரசே பங்குதாரராக வரும்போது உங்க பங்குப் பட்டியலில் யார் யார், எப்படி வந்தார்கள் என்று கேட்கத்தானே செய்வார்கள்.

ஏற்கெனவே ஷேர் கொடுத்தாச்சு, ஆளும் போயாச்சு என்றால்?

அப்படியென்றால் இந்த வாரமே போன் பண்ணுங்க. முதலீட்டாளர் வந்த பிறகு பண்ணாதீங்க. இன்றைக்கு அந்த ஷேருக்குப் பெரிய மதிப்பு இல்லை, நட்பும் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு 3,600 ரூபாய் என்று யாராவது விலை சொன்ன பிறகு அதையே பத்து ரூபாய்க்குக் கேட்டால் எந்த நண்பனும் யோசிப்பான், யோசிப்பதும் நியாயம்தான். வரியும் இடிக்கும். வருமான வரி விதிப்படி கணக்கிடும் நியாய மதிப்புக்கும் நீங்க கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானமாகிவிடும். அதனால் விலை முடிவு பண்ணும் முன் ஆடிட்டரிடம் அந்த மதிப்பைக் கணக்கிடச் சொல்லுங்க.

முழுதும் திருப்பிக் கேட்காதீங்க என்பது என் கருத்து. எட்டு மாசம் அவரும் தூங்காமல் உழைத்திருக்கிறார். கணக்குப்படி 48-ல் 8 பங்கு, அதாவது 500 ஷேரை அவரிடமே விட்டுவிட்டு 2,500-ஐக் கேட்டால், சட்டத்துக்குப் போகாமலே முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவர் ஊருக்கு வரும் பொங்கலோ திருவிழாவோ பார்த்து நேரில் உட்காருங்க. போகும்போது கையில் எஸ்.ஹெச்.-4, ஆப் உரிமை மாற்றுப் பத்திரம், மாற்றிய ஆர்டிகிள்ஸின் நகல் மூன்றும் இருக்கட்டும். அவருடைய ஒரிஜினல் ஷேர் சர்டிபிகேட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்க, அது பெங்களூர் ரூமில் எந்தப் பெட்டியில் இருக்கோ.